மீன் குழம்பு வீட்டில் ஒரு சைவத் தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் பிறந்து, தூத்துக்குடியிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாள்களில் எங்கள் வீட்டு மதியச் சாப்பாடு மீன் வாசத்தோடுதான் வரும். சாளை, நெத்திலி, பாறை. கையில் காசு இருந்தால் சீலா. அந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், "அம்மா, இனிமேல் எனக்கு மீனும் கறியும் வேண்டாம்" என்றாள்.

"முட்டை?"

"அதுவும் வேண்டாம். பாலும் தயிரும் சாப்பிடுவேன்."

காரணம் கேட்டேன். "மனம் ஒப்பவில்லை அம்மா" என்றாள். அதற்கு மேல் நான் தோண்டவில்லை. என் மாமியார்தான் கலங்கிப்போனார். "வளர்கிற பிள்ளை, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்று என்னைப் பேச அழைத்தபோது, அந்தக் கேள்விக்கு எங்கள் அடுப்படி தேடிக்கொண்ட பதிலையே சொல்லலாம் என்று நினைத்தேன். இப்போது பல வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது. அந்த வீட்டுத் தாய்மார்கள் இரண்டு சமையல் செய்து களைத்துப்போவதை நான் பார்க்கிறேன்.

முதல் மாதம் நான் செய்த தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மீன் குழம்பு, அவளுக்குத் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் ரசம். ஒருநாள் நேரமில்லாமல், மீன் துண்டுகளை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் அவள் சோற்றில் ஊற்றினேன். ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோனாள். துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று நாம் நினைக்கிறோம். அதை விட்டவர்களுக்கோ அந்தச் சாறுதான் மீன். தாய்மார்களே, இந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளையின் நம்பிக்கை அந்த ஒரு கரண்டியில் போய்விடும்.

நமக்குச் சைவச் சமையல் தெரியாதா என்றால் நன்றாகவே தெரியும். புரட்டாசி மாதம் முழுவதும் சமைக்கிறோம், அமாவாசைக்குச் சமைக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போகும்போதும் காய்கறிதான். ஆனால் அந்த நாள்களில் நாம் மீன் திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டே சமைக்கிறோம். சாம்பார், ரசம், அப்பளம் என்று பொழுதை ஓட்டிவிடுகிறோம். மீன் திரும்பி வரவே போவதில்லை என்ற தட்டுக்கு அது போதாது. அதில் பயறு வேண்டும், எண்ணெய்வித்து வேண்டும், மென்று தின்ன ஏதாவது வேண்டும்.

எங்கள் வீட்டில் வழி திறந்தது மீன் குழம்பிலிருந்துதான். யோசித்துப் பாருங்கள். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைக்கிறோம். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் புளிக்கரைசலில் கரைக்கிறோம். கூட்டிக் கொதிக்கவிடுகிறோம். பச்சை வாசம் போகும்வரை அந்தச் சட்டியில் இருப்பது முழுக்க முழுக்கச் சைவம். மீன் கடைசியில்தான் விழுகிறது, சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. ஆகவே மீன் போடும் முன்பே பாதிக் குழம்பை இன்னொரு சட்டிக்கு மாற்றிவிட்டேன். முன்னிரவே ஊறவைத்து வேகவைத்த மொச்சையும், வதக்கிய கத்தரிக்காயும், இரண்டு துண்டு மாங்காயும் அதில் போட்டேன். கூடுதல் வேலை பத்து நிமிடம். குழம்பு ஒன்று, சட்டி இரண்டு, கரண்டியும் இரண்டு. அன்று அவள் இரண்டாம் முறை சோறு வாங்கினாள். அதைவிட, தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போகாமல் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். முருங்கைக்காய், வெண்டைக்காய், வாழைக்காய், தட்டைப்பயறு எல்லாமே இந்தக் குழம்புக்கு ஒத்துப்போகும்.

வறுவலுக்கும் அதே மசாலாதான். வாழைக்காயைத் தோல் சீவி, நீளவாக்கில் விரல் தடிமனில் நறுக்குங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், அரைத்த பூண்டும் சோம்பும், உப்பு, ஒரு கரண்டி அரிசிமாவு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறிக் கால் மணி நேரம் வைத்துவிட்டுத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாகச் சுட்டெடுங்கள். சேனைக்கிழங்கு என்றால் புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்துக்கொள்ளுங்கள், நாக்கு அரிக்காது. கல் ஒன்றுதான் இருக்கிறதா? வாழைக்காயை முதலில் போடுங்கள், மீன் பிறகு. என் கணவர் இப்போது மீன் துண்டோடு இரண்டு வாழைக்காய்த் துண்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

பிரியாணியை மட்டும் இப்படிப் பிரிக்க முடியாது. அதன் ருசியே கறி வெந்த சாறுதான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் காளானோ பச்சைப்பட்டாணியோ போட்ட பிரியாணியை எல்லோருக்கும் பொதுவாகச் செய்து, கறியைத் தனியாகச் சுக்காவாக வைத்துவிடுகிறேன். வேண்டியவர்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

இனி, என் மாமியாரிடம் வருகிறேன். உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று கவலைப்பட்ட அவரேதான் ஒருநாள் தொலி உளுந்தை, அதாவது தோல் நீக்காத கறுப்பு உளுந்தை, எடுத்துவைத்து, "உளுந்தஞ்சோறு பொங்கு" என்றார். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு பலம் என்று திருநெல்வேலிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும் சாப்பாடு. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் மானாவாரியாக விளைகிற உளுந்து எங்கள் மாவட்டத்துச் சொத்து. அதை இட்லி மாவுக்குள்ளேயே நாம் அடைத்துவைத்திருக்கிறோம்.

செய்முறை எளிது. ஒரு கப் அரிசிக்கு அரை கப் உடைத்த தொலி உளுந்து. உளுந்தை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவி, நாலு கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு தேக்கரண்டி சீரகம், உரித்த பூண்டு பத்துப் பதினைந்து பல், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. குக்கரில் நாலைந்து விசில். அவ்வளவுதான், தாளிப்புக்கூட வேண்டாம். இதற்குத் துணை எள்ளுத் துவையல்: கறுப்பு எள்ளை வெடிக்கும்வரை வறுத்து, வற்றல் மிளகாய், தேங்காய், புளி, பூண்டு, உப்பு வைத்துக் கெட்டியாக அரைப்பது. சூடான சோற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். அசைவம் வேண்டுபவர்களுக்கு இதே சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு அருமையாகச் சேரும். ஒரே பானைச் சோறு, இரண்டு பேருக்கும் நிறைவு.

இந்தச் சேர்க்கையில் நம் ஆச்சிமார் ஒரு பெரிய காரியம் செய்து வைத்திருக்கிறார்கள். புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் கூட்டு. அரிசியில் லைசின் குறைவு, பயறுகளில் அது நிறைய. பயறுகளில் மெத்தியோனின் குறைவு, அரிசியிலும் எள்ளிலும் அது நன்றாக இருக்கிறது. சோறு, உளுந்து, எள் மூன்றும் ஒரு தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. பெயர் தெரியாமலே சரியான கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குக் கண் கலங்கும்.

அளவையும் சொல்கிறேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது வளர்ந்தவர்களுக்கு நம் நாட்டில் பரிந்துரைக்கப்படும் அளவு. 50 கிலோ எடைக்கு 42 கிராம் வரும். வளரும் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். 100 கிராம் துவரம்பருப்பிலோ உளுந்திலோ ஏறத்தாழ 22, 23 கிராம் புரதம் இருக்கிறது. நிலக்கடலையில் 25 கிராம் அளவில். மீல்மேக்கரில் 50 கிராமுக்கு மேல், ஆனால் ஓர் ஆளுக்கு உலர்ந்த நிலையில் 20, 25 கிராம்தான் சமைப்போம். சோறு, இட்லி, தோசையிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. மூன்று வேளையிலும் ஏதாவது ஒரு பயறோ பருப்போ, கூடவே பாலும் தயிரும் இருந்தால் கணக்கு நிறைந்துவிடும். ஒரு கரண்டி தண்ணீர்ச் சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரும்புச்சத்தில் கவனம் வேண்டும், முக்கியமாக மாதவிலக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு. கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். ஆகவே முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை ரசம், சுண்டலில் மாங்காய்த் துருவல், சாப்பாட்டுக்குப் பின் ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யா. தேநீரும் காபியும் இரும்பைத் தடுப்பவை. சாப்பிட்ட கையோடு கொடுக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

பி12 வைட்டமின் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பால், தயிர், மோர் தினமும் சாப்பிடுகிற பிள்ளைக்கு அதிலிருந்து கிடைக்கும். பாலையும் விட்டுவிட்ட பிள்ளை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து மாத்திரைக்கு வழி கேளுங்கள். இதில் வீட்டு வைத்தியம் உதவாது.

வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கு நான் கைகாட்டுவது கூட்டாஞ்சோறு. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், அவரைக்காய், மாங்காய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை என வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரே குக்கரில் போட்டு, தேங்காய், வற்றல் மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி, கொஞ்சம் புளி விட்டு, கடைசியில் வெங்காய வடகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. பாத்திரம் கழுவும் வேலையும் குறைவு. எங்கள் வீட்டில் இதற்கு யாரும் மீன் கேட்டதில்லை, அப்பளம்தான் கேட்பார்கள்.

இரவுக்கு அடை. புழுங்கலரிசியோடு கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து மூன்றையும் சேர்த்து ஊறவைத்து அரைத்தால் புளிக்கவைக்காமல் உடனே சுடலாம். மாலையில் சுண்டல், அல்லது கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு.

உறவினர் வீட்டு விசேஷங்கள்தான் இன்னும் கொஞ்சம் சங்கடம். "ஒருநாள்தானே, சாப்பிட்டால் என்ன?" என்று அன்போடு வற்புறுத்துவார்கள். பதில் சொல்லும் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைக்காமல் நானே முதல்நாள் போன் செய்து, "மதினி, அவள் இப்போது சைவம். ரசமும் ஒரு பொரியலும் இருந்தால் போதும்" என்று சொல்லிவிடுகிறேன். ஒரு டப்பாவில் பருப்புப் பொடியும் கையோடு கொண்டுபோகிறேன். போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் அந்தப் பொடியை அவள் தோழிகளே தீர்த்துவிட்டார்கள்.

நாளைக்கு எங்கள் வீட்டில் பாறை மீன் குழம்பு. இப்போது வீட்டுக்குப் போனதும் மொச்சையை ஊறப்போட வேண்டும்.

நன்றி, வணக்கம்.