அப்பத்தின் குழிவு எங்கே இருக்கிறது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அறிஞர்களே, கடற்காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்து மின்விசிறியை நம்பி வந்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம்.

உயிர் இயங்க மரபணுவுக்கு அப்பால் பொருளற்ற, அதாவது சடப்பொருள் எதிலும் அடங்காத, ஒரு தகவல் ஊற்று தேவையா என்பது தலைப்பு. தேவையில்லை என்று பேச வந்திருக்கிறேன். ஆனாலும் எதிரணித் தலைவர் சொன்னதில் பாதியை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நேரம் மிச்சமாகும். மனிதனுக்குப் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள உருளைப்புழு ஒன்றுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவற்றில் எதிலும் கையின் படமோ காதின் படமோ வரைந்து வைக்கப்படவில்லை. எல்லாம் சரி. "ஆகவே அந்தப் படம் பொருளுலகுக்கு வெளியே இருக்கிறது" என்றாரே, அந்த "ஆகவே"யில்தான் தோணி கவிழ்ந்தது.

உப்புவெளியில் என் அம்மம்மா அப்பம் சுடும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு கரண்டி மா ஊற்றுவார். தாச்சியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரே சுழற்று. நடுவில் மா தடித்துத் தங்கும். ஓரம் சருகாய் முறுகும். அந்தக் குழிவு அரிசியில் இருந்ததா? தேங்காய்ப்பாலில்? புளிக்க வைத்த கள்ளில்? எதிலும் இல்லை. அதனால் வானுலகில் அழியாத அப்பம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் மா வளைகிறது என்று நான் சொல்லியிருந்தால், அடுத்த கரண்டி என் தலையில் விழுந்திருக்கும். குழிவு தாச்சியில் இருக்கிறது ஐயா. முறுகல் ஓரம் மணிக்கட்டில் இருக்கிறது.

உயிருக்குத் தாச்சி முட்டைக் கலம். பழ ஈயைப் பாருங்கள். தாய் ஈ, பைகொயிட் என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ. பிரதியை முட்டையின் ஒரு முனையில் வைத்துவிடுகிறது. எந்த முனையோ அதுவே தலைப்பக்கம். நம் கிழக்குக் கரையில் முட்டையிடும் கடலாமைக்கோ மணலே தாச்சி. சூடு ஏறத்தாழ 29 பாகைக்கு மேலே போனால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண், கீழே இறங்கினால் ஆண். இது மரபணுவுக்கு அப்பாற்பட்ட தகவல்தான். ஆனால் காலை வைத்தால் சுடும்.

இனி, எதிரணி பெரிய ஆயுதமாக எறிந்துவிட்டுப் போன கருவியல் ஆய்வாளர் டிரீஷ். 1891இல் அந்த ஜெர்மானியர் கடல் முள்ளியின் கருவை எடுத்தார். நம் பாறை இடுக்குகளில் காலைக் குத்துமே, அதன் இனம்தான். கரு இரண்டு கலமாகப் பிரிந்த வேளையில் குலுக்கித் தனித்தனியாக்கினார். அரை உடல் வரும் என்று பார்த்திருந்தார். இரண்டும் முழுக் குடம்பிகளாகவே வளர்ந்தன, அளவுதான் சிறிது. உடைத்தாலும் முழுமை குலையாத இயந்திரம் ஏது என்று திகைத்து, பொருளற்ற ஓர் உயிர்த்தத்துவத்தைக் கற்பித்துக்கொண்டு, பிற்பாடு தத்துவப் பேராசிரியராகவே ஆகிவிட்டார். எதிரணி கதையை இங்கே நிறுத்திவிட்டது. மீதியை நான் சொல்கிறேன். பின்னாளில் சுவீடன் நாட்டு ஹோர்ஸ்டாடியஸ் அதே உயிரின் கருவைக் குறுக்கே வெட்டினார், மேற்பாதி வேறு கீழ்ப்பாதி வேறாக. மேற்பாதிக்கு வாயும் வரவில்லை, குடலும் வரவில்லை. மயிர் முளைத்த வெற்று உருண்டையாகவே நின்றுவிட்டது. ஏன்? முட்டைக்குள் சில பொருட்கள் மேலிருந்து கீழாக ஏற்றத்தாழ்வோடு பரவியிருக்கின்றன. நெடுக்கே பிரித்தால் இரண்டு பங்குக்கும் எல்லாம் கிடைக்கிறது. குறுக்கே வெட்டினால் ஒரு பங்கு ஏமாந்துபோகிறது. கத்தி போகும் திசையைப் பார்த்து வேலைநிறுத்தம் செய்யும் அரூபம் எந்த ஊர் அரூபம்?

வெட்டினால் துண்டும் முழுப் புழுவாக வளரும் தட்டைப்புழுவையும் சொன்னார்கள். கலங்களுக்கிடையே மின் சைகை கடக்கும் வாயில்களை மருந்தால் அடைத்தபோது, வெட்டிய துண்டில் இரு பக்கமும் தலை முளைத்தது. பிறகு வெறும் தண்ணீரில் வைத்து வெட்டினாலும் இரட்டைத் தலையே வந்தது. மரபணு மாறவே இல்லை. அருமையான ஆய்வு. அந்த மருந்து ஒரு வகை அற்ககோல். அற்ககோல் பட்டதும் நிலை தடுமாறுவது பொருளா அரூபமா என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

"தாச்சியை யார் செய்தது?" என்று கேட்பீர்கள். முந்திய கலம். எந்த உயிரும் வெறும் மரபணுச் சுருளை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதில்லை. உயிருள்ள கலத்தோடு சேர்த்தே கொடுக்கிறது, நேற்றைய புளித்த மாவில் ஒரு பிடி எடுத்து இன்றைய மாவில் கலப்பதுபோல. முதல் பிடி எப்படி வந்தது என்பதற்கு அறிவியலிடம் இன்னும் முழு விடை இல்லை. அந்த இடத்தில் கோணேசர் பெயரைச் சொல்லி எதிரணித் தலைவர் கைதட்டு வாங்கினார். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் நம் சுவாமிமலை ஏறி அவரைக் கும்பிடுகிறவன்தான். சம்பந்தர் பாடிய பெருமானை நம் பாடப்புத்தகத்தின் விடுபட்ட பக்கத்துக்கு ஒட்டுத்தாளாக்க எனக்கு மனம் வரவில்லை.

மணி அடித்துவிட்டது, ஒன்றே ஒன்று. அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் மேடையில் ஒரு கருவை வைத்ததாக நினைத்துக்கொள்ளட்டும். எங்கே வெட்டினால் எது வளரும், எது வளராது என்று உங்கள் பொருளற்ற தகவலைக் கேட்டு, வெட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். நான் கீழே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.