பச்சை ஆற்றுக்குள்ளே ஒரு பிளம்பர்

நடுவர் அவர்களே, எதிரணியில் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, பட்டுப்புடவைக்கு மேல் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கும் சிகாகோ தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

அமெரிக்கரின் அன்றாட வாழ்வில், அயர்லாந்திலிருந்து வந்த ஐரிஷ்காரர்கள் பதித்த தடம் பெரிதும் தெரிவது கொண்டாட்டத்திலா, உழைப்பிலா? இதுதான் தலைப்பு. உழைப்பிலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா மூன்று சாட்சிகளை மேடையேற்றினார். மார்ச்சில் வருகிற ஐரிஷ் திருநாளான செயின்ட் பேட்ரிக் தினத்துக்குப் பச்சையாகிற நம்ம சிகாகோ ஆறு, அன்றைக்குத் தட்டில் விழுகிற கார்ன்ட் பீஃப் என்ற உப்பில் ஊறிய மாட்டுக்கறி, அக்டோபர் கடைசியில் ஹாலோவீனுக்கு வாசலில் பல்லைக் காட்டுகிற பூசணிக்காய். கைதட்டல் பலமாக இருந்தது. நானும்தான் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்த மூன்றில் இரண்டு சாட்சி எங்க கட்சி!

ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். போன மார்ச்சில் பாலத்து மேலே நின்று, மூக்கு விறைக்க விறைக்கப் பார்த்தேன். இரண்டு மோட்டார் படகு. ஒன்றில் இருப்பவர்கள் மாவு சலிக்கிற சல்லடை மாதிரி ஒன்றில் பொடியை அள்ளிப் போட்டுத் தட்டுகிறார்கள். பொடி பச்சை இல்லை, நல்ல ஆரஞ்சு. நம்ம கேசரிப் பவுடர் தோற்றது போங்கள். தண்ணீர் பட்டதும் பச்சையாக விரிகிறது. இன்னொரு படகு குறுக்கும் நெடுக்கும் ஓடி ஆற்றைக் கலக்குகிறது.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தது யார்? கவிஞரா, பாதிரியாரா? பிளம்பர்கள் ஐயா! எந்தக் கட்டடத்துக் குழாய் திருட்டுத்தனமாக ஆற்றில் கழிவை விடுகிறது என்று பார்க்க, அவர்கள் குழாயில் ஊற்றிய சாயம் அது. ஒரு பிளம்பரின் வெள்ளை உடுப்பெல்லாம் பச்சைக் கறையாக இருந்ததைக் கண்ட பிளம்பர்கள் சங்கத் தலைவருக்கு உதித்த யோசனைதான் 1962இல் ஆற்றில் இறங்கியது. முதல் தடவை 100 பவுண்டு கொட்டினார்கள். ஒரு வாரத்துக்கு ஆறு பச்சையாகவே கிடந்தது. இன்றுவரை சாயம் கொட்டுகிறவர்கள் அந்தச் சங்கத்துக்காரர்கள்தான். எதிரணி அம்மா பார்த்தது சாயத்தை. நான் பார்த்தது சட்டைக் கறையை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். இந்த ஆற்றோடு இல்லினாய் ஆற்றை இணைக்க 1836இல் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். 96 மைல். மண்ணை வெட்டியவர்களில் பெரும்பகுதி ஐரிஷ் கூலிகள். நடுவில் மாநில அரசு கஜானா காலியாகிச் சம்பளத்துக்குப் பதில் கடன் சீட்டு கொடுத்ததும் உண்டு. 1848இல் கால்வாய் திறந்தது, சிகாகோ சந்தை நகரமானது. வெட்டியவர்கள் குடிசை போட்ட இடம்தான் நம்ம ஊர் பிரிட்ஜ்போர்ட் பகுதி. ஆறு முதன்முதலில் பச்சையான அன்று மேயர் நாற்காலியில் இருந்த ரிச்சர்ட் டேலி, அந்தப் பிரிட்ஜ்போர்ட்டில் பிறந்து வளர்ந்தவர்.

அடுத்தது கார்ன்ட் பீஃப். அயர்லாந்தில் வளர்ந்த மாடு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. வளர்த்தவன் உருளைக்கிழங்கு தின்றான். அந்தக் கிழங்கும் அழுகித்தான் 1845இல் பஞ்சம் வந்தது. 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கு மேலும் ஊரை விட்டுப் போனார்கள். ஊரில் முட்டைக்கோஸோடு வேகவைத்தது பன்றிக்கறி, அதுவும் கிடைத்தால்! நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தவன் கையில் கூலி புரண்டபோதுதான், பக்கத்துத் தெரு யூதர் கடையில் மலிவாகக் கிடைத்த, உப்பில் ஊறிய மாட்டு நெஞ்சுக்கறியை வாங்கினான். ஊர்ப் பாரம்பரியம் என்று அம்மா சொன்ன தட்டு, வாரக் கூலி வாங்கிய தட்டு.

ஆண்களையே சொல்கிறேன் என்று முன்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. வருகிறேன். கல்யாணமாகாத இளம்பெண்கள் தனியாகக் கப்பலேறி வந்தது ஐரிஷ்காரர்களிடம் அதிகம். பணக்கார வீடுகளில் சமையல், துவைப்பு, பிள்ளை பார்ப்பது. அவளுக்கு மேரி என்று பேர் இருந்தாலும் எஜமானிக்கு அவள் "பிரிட்ஜெட்"தான். பேரைக்கூடக் கேட்கமாட்டார்கள்! அடுப்பைக் கரியாக்குகிறாள் என்று பத்திரிகைகள் கேலிப்படம் போட்டன. அவளோ மாடி அறையில் படுத்துக்கொண்டு காசு சேர்த்துத் தங்கைக்கு டிக்கெட் அனுப்பினாள். பிறகு மகளைப் படிக்கவைத்தாள். அடுத்த தலைமுறையில் பார்த்தால் சிகாகோ, பாஸ்டன், நியூயார்க் பள்ளிகளில் டீச்சரம்மாக்கள் வரிசையாக ஐரிஷ் பேர். ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்த மார்கரெட் ஹேலி இதே ஊரில் ஆசிரியைகள் சங்கத்தை முன்னின்று நடத்தி, வரி கட்டாத பெரிய கம்பெனிகளின் விவகாரத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். டீச்சர் சம்பளத்துக்குப் பணமில்லை என்றார்களே, பணம் எங்கே இருக்கிறது என்று டீச்சரே காட்டிக்கொடுத்தார்!

பூசணிக்காயை மட்டும் எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஹாலோவீன் அயர்லாந்தின் பழைய கெல்டிக் மக்கள் திருநாள், அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்தார்கள், இங்கே பூசணி குடைய லேசாக இருந்தது. சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

உழைப்பென்று பேச வந்தவன் அதன் இருட்டையும் மறைக்கக்கூடாது. 1863 ஜூலையில் நியூயார்க்கில், கட்டாயப் படைச் சேர்ப்பை எதிர்த்து எழுந்த கூட்டம் கறுப்பினத்தவரைத் தேடித் தேடிக் கொன்றது. அந்தக் கூட்டத்தில் ஐரிஷ் கூலிகள் நிறைய. தங்கள் வேலையைக் கறுப்பினத்தவர் பறித்துவிடுவார்கள் என்ற பயம். அடிவாங்கியவன் அடுத்தவனை அடித்த கதை அது.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் என்னை முறைக்கிறார். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. அடுத்த மார்ச்சில் நீங்களும் ஆற்றங்கரைக்கு வாருங்கள். ஊரே தொப்பி போட்டு ஆடிக்கொண்டிருக்கும். படகில் சல்லடையைத் தட்டுகிறவரைக் கூப்பிட்டு, "அண்ணே, திங்கட்கிழமை எங்கே வேலை?" என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.