ஒலிப்பதிவுக் கூடம் மலைக்கு வரட்டும்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடைபெற்ற பாராட்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் அவர்களே, அருட்தந்தை அவர்களே, வேலைப்பளுவுக்கிடையிலும் வந்து அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, பிரதேச சபைத் தலைவர் அவர்களே (தங்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அதற்குள் எழுந்துவிட வேண்டாம்), பாடசாலை அதிபர்களே, மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையோடு வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தைத் தந்துதவியவர்களுக்கும், மழையில் நனைந்தபடி ஒலிபெருக்கி கட்டிய பிள்ளைகளுக்கும் நன்றி கூறாமல் தொடங்குவது முறையன்று.

இசைக்குழு ஒன்றோடு அமெரிக்கா சென்று, ஊர் ஊராகத் தப்புப் பறை வாசித்துத் திரும்பியிருக்கும் நம் தம்பியைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். அவர் பார்த்து வந்த மெம்பிஸ் நகர ஒலிப்பதிவுக் கூடம், அங்குள்ள பழைய கருவிகள், நமது மலையில் நாம் செய்ய வேண்டியது என மூன்று விடயங்களைப் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மெம்பிஸில் யூனியன் அவெனியூவில் 706ஆம் இலக்கக் கட்டடம்தான் பின்னாளில் சன் ஸ்டூடியோ என்று பெயர் பெற்றது. 1950இல் சாம் பிலிப்ஸ் என்பவர் அதைத் திறந்தபோது, எதையும், எங்கும், எந்த நேரத்திலும் பதிந்து தருவோம் என்பதே அவரது விளம்பரமாக இருந்தது. கறுப்பினப் பாடகர்களுக்குப் பெரிய கம்பனிகளின் கதவு எளிதில் திறக்காத அந்தக் காலத்தில், பருத்தித் தோட்டத்து வாழ்க்கையிலிருந்து வந்த ஹவ்லின் வுல்ப் போன்றவர்களின் குரல் 1951இல் அங்கே பதியப்பட்டது. 1953இல் 18 வயது இளைஞன் ஒருவன் தெருவிலிருந்து உள்ளே வந்து, வரி நீங்கலாக 3 டொலர் 98 சதம் கொடுத்துத் தன் குரலை ஒரு தட்டில் பதிந்துகொண்டு போனான். அவன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. அந்தத் தட்டு 2015இல் 3 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. இடையில் கூடம் இடம் மாறி, அந்தக் கட்டடம் வேறு வியாபாரங்களுக்குப் போய், 1987இல் மறுபடியும் ஒலிப்பதிவுக்குத் திறந்தது. அந்த ஆண்டே, அயர்லாந்தின் யூ2 இசைக்குழுவினர் தங்கள் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் அங்கே போய்ப் பாடல்களைப் பதிந்தார்கள். மேடை மேடையாக அலையும் கலைஞர்கள் ஏன் அந்தச் சின்ன அறையைத் தேடிப் போகிறார்கள் என்று நான் தம்பியிடம் கேட்டேன்.

"சின்ன அறைதான் ஐயா. நம்ம பழைய லயத்துக் காம்பரா நாலைச் சேர்த்தா அதுக்குக் கொஞ்சம் கூட வரும்," என்றார். எல்விஸ் நின்ற இடம் என்று தரையில் போட்டிருக்கும் குறியில் நின்று மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டிருக்க, இவர் அண்ணாந்து, சரிவு சரிவாக அமைந்த கூரைத் தட்டிகளைப் பார்த்திருக்கிறார். பிறகு அனுமதி கேட்டு, தப்பில் ஒரே ஓர் அடி. ஒலி சுவரில் மோதிச் சிதறாமல் கெட்டியாக நின்றதாம். இங்கே பனியில் தோல் தொய்ந்து, மிலாறு என்னும் தேயிலைக் குச்சி கொளுத்திச் சூடு காட்டிய பிறகுதான் தப்பு வாய் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதே தப்புத்தான் விடியுமுன் நம்மைப் பிரட்டுக்கு, அதாவது பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, எழுப்பியது. காமன்கூத்துக்கும் அதுவே, சாவுக்கும் அதுவே. அந்தத் தப்பொலியை முறையாகப் பதிந்து வைக்க இந்த மலையில் ஓர் அறை உண்டா?

இங்கே நான் மெம்பிஸை விட்டுச் சற்றுத் தெற்கே போக வேண்டும். 1941இல் மிசிசிப்பியின் ஸ்டோவால் பருத்தித் தோட்டத்தில், பின்னாளில் மடி வாட்டர்ஸ் என்று உலகம் கொண்டாடிய பாடகர் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பாட்டுச் சேகரிக்க அலன் லோமாக்ஸ் என்ற வெள்ளைக்காரர் அவரைத் தேடித் தோட்டத்துக்கே வந்துவிட்டார். நம்மவர் ஓய்வு நேரத்தில் தம் வீட்டில் கள்ளச் சாராயமும் விற்றவர். வெள்ளைக்காரர் பெயர் சொல்லி விசாரிக்கிறார் என்றதும், கசிப்புப் பிடிக்க வந்த எக்சைஸ்காரர் என்றே முடிவு செய்துவிட்டார்! (சிரிப்பு.) சிரிக்கிறவர்கள் எந்தெந்தத் தோட்டம் என்று நான் கேட்கப் போவதில்லை. (பலத்த சிரிப்பு.) வந்தவரோ தண்ணீர் கேட்டு, மடி குடித்த அதே குவளையில் தாமும் குடித்தார். ஒரு துரை நம் காம்பராவுக்குள் வந்து நம் குவளையில் தண்ணீர் குடித்தால் நம் பாட்டன்மார் என்ன நினைத்திருப்பார்கள்? மடிக்கும் அந்தத் திகைப்புத்தான். பிறகு காரில் கொண்டுவந்த பாரமான கருவியை இறக்கி, அவரது வீட்டிலேயே பாட வைத்துப் பதிந்து, உடனே போட்டும் காட்டினார்கள். தன் குரலைத் தானே கேட்ட பிறகுதான், தன்னாலும் பாட முடியும் என்று அந்த மனிதருக்கு நம்பிக்கை வந்தது. பின்னர் தபாலில் இரண்டு தட்டுகளும் 20 டொலரும் வந்தன. ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கடையிலிருந்த ஜூக்பொக்ஸில், அதாவது காசு போட்டால் பாடும் பெட்டியில், போட்டுக் கேட்டார். 1943இல் சிக்காகோவுக்குப் புறப்பட்டார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் எந்த மேடையிலும் சொல்வதுண்டு, இன்றும் சொல்கிறேன். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் சொற்கள்கூட நமக்கு மிஞ்சியிருக்காது. அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் தாலாட்டில் மூச்சு எங்கே நீள்கிறது, ஒப்பாரியில் குரல் எங்கே உடைகிறது என்பதை எந்த ஏடு சொல்லும்? நம்மவரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிய நம் உறவுகளோடு எத்தனை மெட்டுகள் போயினவோ! 2023இல், நம் முன்னோர் இந்த மலைக்கு வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் பெருமைக்குரியவர்கள். நடையைப் படம் பிடித்த அளவுக்குப் பாட்டைப் பதிந்தோமா?

கைத்தொலைபேசியில் பதிந்தால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போதாது. தப்பில் பலத்த அடி விழுந்ததும் பெரும்பாலான கைபேசிகள் தாமாகவே ஒலியைக் குறைத்துவிடும். பக்கத்தில் பாடும் பாட்டியின் குரலும் அதோடு அமுங்கிப் போகும். கைபேசி மாறினால் பதிவும் போய்விடக்கூடும். அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். கொழும்பில் கலையகங்கள் இருக்கின்றன. 1925இலேயே வானொலி ஒலித்த நகரம் அது. ஆனால் எண்பது வயதுப் பாட்டியை ரயிலேற்றி அங்கே கொண்டுபோய்ப் பாடச் சொன்னால், பாட்டு வருமா, இருமல் வருமா?

பழைய கருவிகளைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஆகவே அதை விட்டுவிட்டு விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

பிரதேச சபைத் தலைவர் அவர்களே, நகரில் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்றைத் தாருங்கள். தரைக்குக் கம்பளமும், சுவருக்குத் தடித்த துணியும், இரண்டு மைக்குகளும், நல்ல பதிவுக் கருவி ஒன்றும் நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். வர முடியாதவர்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிசன் டிவிசனாக நாங்களே போவோம். யாருக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்கூட, நட்டமாகக் கூடாது. பாடுபவர் தம் பெயரையும், தோட்டத்தையும், யாரிடம் கற்றார் என்பதையும் முதலில் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். பதிவின் ஒரு பிரதி அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும். முதற்பதிவுக்குத் தப்பு வாசிக்கத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வாசலருகே மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. உங்கள் டிவிசனில் பாடத் தெரிந்த முதியவர்களின் பெயர்களைப் போகும்போது எழுதிவிட்டுச் செல்லுங்கள். அறையைப் பற்றிய பதிலை அடுத்துப் பேசவிருக்கும் சபைத் தலைவர் அவர்கள், உங்கள் அனைவரின் முன்னிலையில், இதே மைக்கில் சொல்வார் என்று நம்பி இடம் விடுகிறேன். வணக்கம்.