உறுமாத புலியும் ஓடுகிற நத்தையும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கொடுத்திருக்கிற எட்டு நிமிடத்தில் ஒரு நிமிடத்தை வணக்கத்துக்கே செலவழிக்க எனக்கு மனமில்லை. வரலாற்று நகரங்கள் இன்றும் பண்பாட்டுத் துடிப்போடு இருக்க முடியுமா? முடியும் என்பது எங்கள் அணி.

ஆனால் என்னைத் தலைப்பைப் பேச விட்டால்தானே! எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா அவைக்குள் ஒரு புலியை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். "பழைய நகரம் என்பது பாடம் செய்த புலி. மீசை இருக்கும், கோடு இருக்கும், முறைக்கக்கூடச் செய்யும். உறுமாது" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நன்றாக இருந்ததே!

அம்மா, என்னிடம் புலி இல்லை. ஒரு நத்தை இருக்கிறது, ஓர் ஆமை இருக்கிறது. இரண்டும் குதிரைப் பந்தயத்தில் ஓடுகின்றன.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். இத்தாலியில் சியெனா என்றொரு பழைய நகரம். ஊர் 17 பேட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. அந்த எல்லைகளை வகுத்தது 18-ஆம் நூற்றாண்டில்; இன்றுவரை ஒரு சந்துகூட இடம் மாறவில்லை. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு சின்னம். கழுகு, வாத்து, முள்ளம்பன்றி, கம்பளிப்புழு... இவற்றோடு நத்தையும் ஆமையும். நத்தைப் பேட்டைக்கும் ஆமைப் பேட்டைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. எதற்கு? யார் வேகம் என்பதற்கு!

வருடத்தில் இரண்டு நாள், ஜூலை 2, ஆகஸ்ட் 16, ஊர் நடுவில் இருக்கிற சதுக்கத்தில் மண் கொட்டிக் குதிரை ஓட்டுகிறார்கள். பாலியோ என்று பெயர். 17 பேட்டையில் 10 பேட்டைதான் ஓடலாம், இடம் அவ்வளவுதான். எந்தக் குதிரை எந்தப் பேட்டைக்கு என்பது குலுக்கலில் முடிவாகும். மூன்று சுற்று. ஏறக்குறைய 90 நொடியில் பந்தயம் முடிந்துவிடும். நான் வணக்கம் சொல்லிப் புலியைப் பிடிப்பதற்குள் அவர்கள் கோப்பை வாங்கி வீட்டுக்கே போயிருப்பார்கள். கோப்பைகூட இல்லை, பரிசு ஒரு பட்டுத் துணி!

இனிமேல்தான் விஷயமே. பந்தயத்துக்கு முன்னால் குதிரையைத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போவார்கள். வாசல்வரைக்கும் இல்லை, உள்ளே, பலிபீடத்துக்கு முன்னால். பாதிரியார் குதிரைக்கு ஆசி வழங்கி, போய் வென்று வா என்பார். பேட்டையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஏன் தெரியுமா? அந்த நேரத்தில் குதிரை அங்கேயே சாணி போட்டால் நல்ல சகுனம்!

நடுவர் அவர்களே, அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேலே வண்ணக் கண்ணாடி, எதிரே பலிபீடம், நடுவில் அங்கி அணிந்த பாதிரியார். அத்தனை பேருடைய கண்ணும் குதிரையின் வால் மேல். வால் லேசாகத் தூக்கினால் கூட்டம் ஒரு அடி முன்னால் வரும். வால் இறங்கினால் முகம் இறங்கும். மறுபடி தூக்கினால்... சரி, விட்டுவிடுகிறேன், நடுவர் மணியைத் தொடுகிறார். அம்மா, பாடம் செய்த குதிரை சாணி போடுமா?

இன்னும் கேளுங்கள். ஓட்டுபவன் கீழே விழுந்தாலும் பரவாயில்லை, குதிரை தனியாக வந்து ஜெயித்தால் செல்லும். 2019 ஆகஸ்டில் அப்படித்தான் ஒரு குதிரை ஜெயித்தது. வெற்றி விருந்தில் அந்தக் குதிரைக்குத் தனி மரியாதை, முன்னால் தீவனத் தொட்டி. இரண்டாவதாக வருவது கடைசியாக வருவதைவிட அவமானம். நெடுநாளாக ஜெயிக்காத பேட்டைக்கு 'பாட்டி' என்று பட்டம். வேறு வேறு பேட்டையில் பிறந்த கணவனும் மனைவியும் பந்தய நாட்களில் அவரவர் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டாம். பிடிவாதத்தில் நத்தைக்கும் ஆமைக்கும் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை!

குதிரைகள் விழுந்து சாகின்றன என்று விலங்கு நல அமைப்புகள் இதைக் கண்டிக்கின்றன. அதில் நியாயம் உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனால் இது சுற்றுலாப் பயணிக்குக் காட்டுகிற வித்தை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பந்தயம் 90 நொடி. பேட்டை வருடம் முழுக்க. பிள்ளை பிறந்தால் பேட்டையின் நீரூற்றில் அதற்குத் தனி ஞானஸ்நானம். சின்னப் பையன்கள் முரசும் கொடியும் பழகுகிறார்கள். 1348-இல் கொள்ளைநோய் வந்து சூறையாடிய ஊர் இது. அன்று பாதியில் நின்றுபோன பேராலயத்தின் மொட்டைச் சுவர் இன்றும் நிற்கிறது. 1555-இல் முற்றுகைக்குப் பணிந்து சுதந்திரத்தையும் இழந்தது. அப்புறமும் சண்டை போட ஆள் இருக்கிறது, அம்மா. உங்களுக்கு உறுமல் கேட்கவில்லையா?

"வெனிஸைப் பாருங்கள், உள்ளே போக டிக்கெட்" என்றும் அம்மா குத்தினார். உண்மைதான். 2024-லிருந்து கூட்டம் மிகுந்த நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 1951-இல் பழைய நகரத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள், இன்று ஐம்பதாயிரத்துக்கும் கீழே. ஒரு மருந்துக் கடைக்காரர் மிச்சமிருக்கிற ஜனத்தொகையை ஜன்னலில் எண்ணாக ஓடவிட்டிருக்கிறார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ஊர்க்காரன் போன பிறகுதான் ஊர் வாடுகிறது. பழமை என்ன செய்தது, பாவம்? அதே வெனிஸ்தான் 1895-இல் கலைக் கண்காட்சியும் 1932-இல் உலகின் முதல் திரைப்பட விழாவும் தொடங்கியது. அப்போது அது இளம் நகரமா என்ன?

அம்மாவின் கடைசிக் கேள்வி: "குழாயில் தண்ணீர் வராத பழைய ஊரில் பண்பாடு எங்கே வரும்?"

இதற்கு மட்டும் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். சரயேவோ. போஸ்னியாவின் தலைநகர், துருக்கிய ஒட்டோமான்கள் 15-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய நகரம். 1992-இல் தொடங்கி ஏறக்குறைய நான்கு வருடம் முற்றுகை. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, மலைமேலிருந்து குண்டு. 1992 ஆகஸ்டில் தேசிய நூலகம் எரிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள். தீயணைப்பு வண்டிக்கே தண்ணீர் இல்லை. குறிபார்த்துச் சுடுகிறவர்கள் எதிரில் இருக்க, நூலகப் பணியாளர்களும் ஊர்க்காரர்களும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றிப் புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தத் தீயின்போது நூலகத்தில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் உயிரையே விட்டாள். எதற்காக? சோற்றுக்கா? தண்ணீருக்கா?

அடுத்த வருடம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம் போட்டார்கள். நடிகர்கள் அரைவயிற்றோடு ஒத்திகை பார்த்தார்கள். 1995-இல், முற்றுகை முழுதாக விலகும் முன்பே, திரைப்பட விழா தொடங்கினார்கள். அது இன்றும் வருடாவருடம் நடக்கிறது. எரிந்த நூலகக் கட்டடத்தை 2014-இல் திரும்பத் திறந்தார்கள்.

நடுவர் அவர்களே, எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லுங்கள், வருத்தமில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களிடம், உங்கள் ஊர் பாடம் செய்த புலி என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. சொல்ல முடியுமென்றால் பேராசிரியர் அம்மாவே போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்கிறேன். வணக்கம்.