சிவப்புப் பொட்டு வைத்த பாடத்தை ஏன் பூட்டுவதில்லை?

பினாங்கின் பிறையிலிருந்து ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. மகள் இணையத்தில் நிரலாக்கம் படிக்கிறாள். பட்டியலில் சில பாடங்களுக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு, சிலவற்றுக்குச் சிவப்பு. "சிவப்பைத் தட்டினாலும் பாடம் திறக்கிறதே ஐயா, அப்புறம் எதற்கு அந்தச் சிவப்பு?" என்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நாசி கண்டார் (சோற்றோடு பல கறி, குழம்பு பரிமாறும் பினாங்குச் சாப்பாடு) கதையைத் திரும்பவும் சொல்லப் போகிறேன். பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுன் கடையில் எல்லாக் கறியும் கண்முன்னே இருக்கும். கூடவே பிள்ளை வந்தால், பரிமாறுகிறவர் "இது காரம், தம்பிக்கு அந்தக் குழம்பு ஊற்றட்டுமா?" என்பார். காரச் சட்டியை மூடிவைக்க மாட்டார். (எனக்கு எப்போதும் 'பஞ்சிர்'தான், எல்லாக் குழம்பும் மிதக்க வேண்டும்.) சிவப்புப் பொட்டின் வேலையும் அவ்வளவுதான். சொல்லிவைப்பது வேறு, பூட்டுவது வேறு.

கணினி ஆய்வாளர் பீட்டர் புருசிலோவ்ஸ்கி, படிப்பவருக்கு ஏற்றபடி இணைப்புகளைக் காட்டும் வழிகளை 1996இல் வகைப்படுத்தினார்: அடுத்த பாடத்தை நேரே காட்டுவது, இணைப்புகளை வரிசை மாற்றுவது, மறைப்பது, பொட்டு வைப்பது. மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நேற்று இல்லாத தலைப்பு இன்று முளைத்தால், மொத்தப் பாடமும் எவ்வளவு என்று பிள்ளைக்கு எப்படிப் பிடிபடும்? ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவான 'எல்ம்-ஆர்ட்' என்ற, லிஸ்ப் நிரல்மொழிக்கான இணையப் பாடநூலிலும் போக்குவரத்து விளக்கு நிறங்கள்தாம். சிவப்பு என்றால், இதற்கு முன் படிக்க வேண்டியது பாக்கி என்று அர்த்தம். தட்டினால் திறக்கும்.

ஆனால் அம்மா, நீங்கள் வேறொன்றைக் கேட்டிருக்கலாம்: மகளுக்கு எது தெரியும் என்று பொட்டுக்கு எப்படித் தெரியும்? உள்ளே ஒரு பட்டியல் உண்டு; எது தெரிந்தால் எது புரியும் என்ற தொடர்போடு. பிள்ளை கற்றதற்கு நேரே குறி விழும். கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னதால் விழுந்த குறி என்றால் நம்பலாம். பக்கத்தைத் திறந்ததற்கே விழுந்தால்? என் தங்கை மகன் பசியாறிக்கொண்டே 16 பக்கங்களைத் தட்டித் தள்ளினான். அடுத்த அத்தியாயத்துச் சிவப்பெல்லாம் பச்சையாகிவிட்டது! ஒரு வரி படிக்கவில்லை, ரொட்டி சானாய் மட்டும் தீர்ந்திருந்தது.

அதனால் சிவப்பை விடுங்கள். மகள் முடித்ததாகக் காட்டும் பாடத்திலிருந்து நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள். திணறினால், அடுத்திருக்கும் பச்சையையும் நம்ப வேண்டாம்.