கொழும்பில் இரண்டு நாள்: கிளிநொச்சிச் சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருக்குத் திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு, அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு கணவரும் தானும் மட்டும் கொழும்புக்கு வர இருப்பதாகவும், எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று சொல்லும்படியும் எழுதியிருக்கிறார். கடைசி வரியில், "வருவதுதான் வருகிறோம், வெள்ளிக்கிழமையே வந்து கடவுச்சீட்டு அலுவலையும் முடித்துவிடுவோம் என்று இவர் சொல்கிறார், அது சரிவருமா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம், சகோதரி. வடக்கிலிருந்து வரும் எங்கள் சனத்துக்குக் கொழும்பு என்றால் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு வரிசை, தூதரக வாசல், தேசிய வைத்தியசாலை, கட்டுநாயக்காவில் யாரையாவது அழுதுகொண்டு வழியனுப்புவது என்றுதான் காலம் போயிருக்கிறது. என் அம்மா ஏழெட்டுத் தடவை கொழும்புக்கு வந்திருக்கிறார். ஒரு தடவைகூடக் காலிமுகத்திடலில் கால் வைத்ததில்லை. பத்திரங்கள் வைத்த பிளாஸ்டிக் உறையை மடியில் அணைத்தபடி பகல் முழுவதும் காத்திருந்துவிட்டு, அன்றிரவே பஸ் ஏறிவிடுவார். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். இந்த இரண்டு நாளும் உங்கள் இருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

தங்குவதற்கு வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டியைத்தான் சொல்வேன். வடக்கிலிருந்து வரும் இரவு பஸ்கள் பல விடியற்காலையில் காலி வீதியிலேயே இறக்கிவிடும், நம்முடைய சாப்பாடு கிடைக்கும், இரண்டு நிமிடம் நடந்தால் கடல். கோட்டைப் பக்கம் பெரிய விடுதிகள் உண்டு என்றாலும் வார இறுதியில் அங்குள்ள அலுவலகத் தெருக்கள் வெறிச்சோடிவிடும். இருவரும் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள், விடுதியில் கேட்பார்கள்.

சனிக்கிழமை காலை குளித்து, சாப்பிட்டுவிட்டு நேரே கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். மத்தியானப் பூசையோடு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பிந்த வேண்டாம். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளியே துறைமுக லொறிகளின் இரைச்சலும் வெயிலும் இருக்க, வாசல்படி தாண்டியதும் உள்ளங்காலில் கல்லின் குளிர் ஏறும். தூணில் கை வைத்துப் பார்த்தால் ஆண்டாண்டு காலமாக எண்ணெய்க் கைகள் பட்டு மெழுகு போல் வழவழப்பாகியிருப்பது தெரியும். அங்கிருந்து சிறிது தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம் அது. எந்தச் சமயத்தவரும் அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றலாம். பிறகு செட்டியார் தெரு நகைக்கடைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டோ பிடித்துப் புறக்கோட்டைக்கு வந்தால், 1908ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பள்ளிவாசலைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும் என்பதால்தான் சனிக்கிழமையை இங்கே வைக்கச் சொல்கிறேன்.

பிற்பகலில் ஒரே ஓர் இடம், தேசிய அருங்காட்சியகம். 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையில் கண்டி அரசர்களின் சிம்மாசனத்தைத்தான் எல்லாரும் தேடிப் போவார்கள். நீங்கள் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது, 1409ஆம் ஆண்டுக்குரியது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கும் ஒரே கல்லில் காணிக்கை எழுதியிருக்கிறார்கள். 1911இல் கண்டெடுத்தபோது, தெருவோர மதகு ஒன்றுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததாம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு இத்தீவின் தென்கோடித் துறைமுகத்தில் வைக்கவென்று தமிழில் ஒரு கல் வெட்டப்பட்டிருக்கிறது என்பதை நேரில் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைந்துவிடும். அதே கட்டடத்தில் பொலன்னறுவைச் சிவாலயங்களிலிருந்து எடுத்த வெண்கலத் திருமேனிகளும் இருக்கின்றன. கால் வலித்தால் முற்றத்து மரநிழலில் இருந்துவிட்டுப் போங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

மாலை ஐந்து மணிக்குக் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்து முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இது பயன்படட்டும் என்று தனக்குப் பின் வருகிறவர்களை வேண்டிக் கல்லில் பொறித்து வைத்தார்; 2022இல் ஆட்சிக்கு எதிராக நாடே திரண்டு நின்றதும் இதே திடலில்தான். வண்டிக்காரரிடம் இறால் வடை வாங்குங்கள். பருப்பு வடையின் நடுவே முழு இறாலைத் தலையோடு பதித்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாய்ச் சம்பலும் அள்ளிப் போட்டுத் தாளில் தருவார். உப்புக்காற்றில் கை பிசுபிசுக்கும். பரவாயில்லை, கடல் பக்கச் சுவரில் இருந்து சாப்பிடுங்கள். பொழுது கடலுக்குள் இறங்கிய பிறகும் எழும்ப வேண்டாம். பிள்ளைகளின் படிப்பையும் வீட்டுக்கடனையும் விட்டு வேறு ஏதாவது கதைப்பதற்கு உங்களுக்குக் கிடைக்கப்போகும் மிக நல்ல நேரம் அதுதான். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்றில் அலை உக்கிரமாக இருக்கும், அப்போது தண்ணீரில் இறங்காதீர்கள்.

தாமரைக் கோபுரம் பற்றிச் சிலர் கேட்பார்கள். ஏறத்தாழ 350 மீற்றர் உயரம், நகரம் முழுவதும் தெரியும், ஆனால் வார இறுதி மாலைகளில் வரிசையில் நின்றே நேரம் போய்விடும். வரிசையில் நிற்காமல் இருக்கத்தானே இந்தத் தடவை வருகிறீர்கள்.

ஞாயிறு காலை பேரை வாவியின் நடுவில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமமாலகத்துக்குப் போங்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தம்பதியர் அவன் நினைவாகக் கொடுத்த பணத்தில் எழுந்த பௌத்த மண்டபம் அது. பிறகு கோட்டைப் புகையிரத நிலையத்தில் கல்கிசைக்குப் பயணச்சீட்டு எடுத்து, வலப்பக்க யன்னலோரம் இடம் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் பாறைகள் மட்டும்தான் இருக்கும். பெரிய அலை வந்தால் முகத்தில் தூறல் அடிக்கும். கல்கிசையில் மத்தியானச் சாப்பாடு, மணலில் கொஞ்சம் நடை, திரும்பி வெள்ளவத்தை. இரவு பஸ் புறப்படும்வரை அறையை வைத்திருக்கலாமா என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போயா என்ற பௌர்ணமி விடுமுறை தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும், நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: காலிமுகத்திடலில் பட்டம் விற்பார்கள், மடித்து எடுத்துக்கொண்டு போகலாம்.