டாசன் நகரத்துச் சலவைக்காரியின் கடன் கணக்கு

வணக்கம், நேயர்களே. கனடாவின் வடமேற்குக் கோடியில் உள்ள டாசன் நகரத்தைக் களமாக வைத்து நான் எழுதிவரும் குறுநாவலைப் பற்றிப் பேசும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கதை 1898-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி மறு ஆண்டுக் கோடையில் முடிகிறது. அதன் நாயகி ஒரு சலவைக்காரி. தங்கம் தேடிப் போன ஊர்களைப் பற்றிய புனைவுகளில் பெண் என்றால் ஒன்று மதுக்கூடத்தில் ஆடுவாள், இல்லையேல் கணவன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே யாருக்கு யார் கடன் கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் அந்த ஊர் பிடிபடும், பெண்களும் அப்போதுதான் கண்ணில் படுவார்கள் என்பது என் எண்ணம்.

டாசனைச் சுற்றியுள்ள, தங்கம் கிடைத்த கிளாண்டைக் பகுதியில் நிலம் கோடையிலும் உள்ளே உறைந்தே கிடக்கும். ஆகவே குளிர்காலம் முழுவதும் விறகை எரித்து மண்ணை இளக்கிக் குழி தோண்டி, அடிப்பாறையின்மேல் தங்கம் கலந்து கிடக்கும் சரளையை வெளியே குவித்து வைப்பார்கள். ஓடைகளில் நீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் குவியலை மரவாய்க்காலில் கொட்டி அலசித் தங்கத்தைப் பிரிக்க முடியும். யூகான் ஆறு உறைந்ததிலிருந்து மே மாத வாக்கில் பனிக்கட்டி உடையும் வரை, நாளைய கோடீஸ்வரனும் வெறுங்கையனும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தார்கள். அவர்களில் பலர் கடனில் சாப்பிட்டார்கள், சட்டையையும் கடனுக்கே துவைக்கப் போட்டார்கள். எவன் தேறுவான், எவனுக்குக் கடன் கொடுக்கலாம் என்று கணிப்பதுதான் என் சலவைக்காரியின் உண்மையான தொழில். வரைவிலிருந்து ஒரு பத்தியை வாசிக்கிறேன்.

"தொட்டியில் ஊற்றிய ஆற்றுநீரின் ஓரங்கள் அதற்குள் உறையத் தொடங்கியிருந்தன. அவள் சட்டையின் கை மடிப்பைப் பிரித்து உதறினாள். மெழுகுவர்த்திச் சொட்டும் புகைக்கரியும் எப்போதும் இருப்பவை. போன மாதம் வரை கூடவே கறுத்த சேறு வரும். இன்று சேறு இல்லை, பொடிச் சரளை உதிர்ந்தது. பாறை மட்டத்தை நெருங்கிவிட்டான் என்பதை அவன் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோட்டில் அவன் பெயருக்கு நேரே இன்னொரு மாதக் கடனை எழுதினாள்."

இது கற்பனைதான் என்றாலும் ஆதாரமற்ற கற்பனை அன்று. அயர்லாந்தில் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்த பெலிண்டா மல்ரூனி, 1897-இல் பட்டுத்துணியும் வெந்நீர்ப் பைகளுமாக டாசனுக்கு வந்து, அவற்றைக் கொழுத்த லாபத்துக்கு விற்றார். பிறகு பொனான்சா, எல்டொராடோ ஓடைகள் கூடுமிடத்தில் ஒரு வழிவிடுதியை நடத்தினார். சாப்பிட வந்த சுரங்கக்காரர்களின் பேச்சைக் கேட்டே எந்தச் சுரங்க உரிமையில் பங்கு வாங்கலாம் என்று அவர் தீர்மானித்தார். 1898-இல் டாசனில் அவர் திறந்த ஃபேர்வியூ விடுதியின் உட்சுவர்கள் கித்தான் துணியின்மேல் காகிதம் ஒட்டியவை என்பதால், ஓர் அறையில் பேசுவது அடுத்த அறைக்கும் கேட்கும். என்னைக் கேட்டால், நகரம் முழுவதுமே அப்படித்தான் இருந்தது. அங்கே காது ஒரு மூலதனம்.

அன்றைய சட்டம், வழக்கம் பற்றிய சில விவரங்கள் கதைக்குப் பெரிதும் உதவுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் காவல்படை எல்லா வேலையையும் நிறுத்திவைத்ததால், என் சலவைக்காரி வாரத்தில் ஒரு நாள் வருமானத்தை இழக்கிறாள். துணிக்கான கூலியைத் தங்கத்தூளாக நிறுத்து வாங்குகிறாள். தூளில் கருமணலைக் கலந்து கொடுக்கும் வழக்கம் இருந்ததால், தராசைவிடத் தன் விரல் நுனியையே அதிகம் நம்புகிறாள்.

மேல்தட்டுப் பெண்ணாக மார்த்தா பிளாக்கின் வாழ்க்கையும் என் மனத்தில் இருக்கிறது. கணவர் வராத நிலையில் 1898-இல் கர்ப்பிணியாக, அலாஸ்காவிலிருந்து கனடாவுக்குள் செல்லும் மலைவழியான சில்கூட் கணவாயைக் கடந்த அவர், டாசனில் ஒரு மரக்குடிலில் பிள்ளை பெற்றார். 1935-இல் யூகானிலிருந்து கனடிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவரை நாயகியாக்கினால் கதை வெற்றிக் கதையாகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

எனக்கு மிகுந்த தயக்கத்தைத் தருவது இன்னொரு பகுதி. டாசனுக்கு எதிரே, கிளாண்டைக் ஆறு யூகானில் கலக்குமிடத்தில் ட்ரோச்செக் என்ற மீன்பிடிக் குடியிருப்பு இருந்தது. அந்த மண்ணின் பழங்குடியினரான ஹான் மக்கள் கோடைதோறும் அங்கே சால்மன் பிடித்துப் பரண்களில் உலர்த்தினார்கள். தங்கத்துக்காக வந்த கூட்டம் நெருக்கியதால் தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றின் கீழ்ப்பக்கமுள்ள மூஸ்ஹைடுக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் பாலியல் தொழில் செய்த பெண்களை அதிகாரிகள் நகரத்திலிருந்து அகற்றியபோது, அவர்கள் போய்ச் சேர்ந்ததும் அதே ட்ரோச்செக் நிலத்தில்தான். ஒரு கூட்டம் பெண்கள் மீன் உலர்த்திய இடத்தில் இன்னொரு கூட்டம் பெண்கள் குடியேற்றப்பட்டதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை என்பதால், மூஸ்ஹைடிலிருந்து மீன் விற்க வரும் ஒரு மூதாட்டிக்குத் தனி அத்தியாயமே கொடுத்திருக்கிறேன். அவள் சலவைக்காரியிடம் கடன் சொல்வதில்லை, கடன் தருவதும் இல்லை.

1896 ஆகஸ்டில் முதல் தங்கம் கிடைத்தபோது அந்தக் குழுவோடு இருந்த டாகிஷ் பழங்குடிப் பெண்ணான ஷா ட்லா, அதாவது கேட் கார்மாக், கதையில் வரமாட்டார். கண்டெடுத்தவர் என்ற பெயர் அவர் கணவர் ஜார்ஜ் கார்மாக்குக்குப் போயிற்று. பணம் வந்த பின் அவர் இவரைக் கைவிட்டு 1900-இல் வேறொருத்தியை மணந்துகொண்டார். கேட்டின் கதையை என் நாயகியின் பின்னணியாகச் சுருக்க எனக்கு மனம் இல்லை.

இறுதிப் பகுதிதான் இன்னும் முடிவாகவில்லை. 1899 ஏப்ரல் 26 அன்று மூண்ட தீயில் டாசனின் 117 கட்டடங்கள் எரிந்தன. அந்தக் கோடையில் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்ற செய்தி வந்ததும் ஆயிரக்கணக்கானோர் படகேறினார்கள். கடன் நோட்டு தீயில் போக வேண்டுமா, அல்லது நோட்டு பத்திரமாக இருக்கக் கடன்பட்டவர்கள் நோமுக்குப் போய்விட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதே எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அவளிடம் கணக்கு இருக்கும், வசூலிக்க ஆள் இருக்காது. உங்களுக்கு எது சரியென்று படுகிறது என்பதைக் காரணத்தோடு கீழே எழுதுங்கள். அடுத்த காணொளியில் தீ அத்தியாயத்தை வாசிக்கிறேன்.